பேச்சியம்மாள் அடைத்த ஜன்னல்

பேச்சியம்மாள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வெள்ளை ஃபோம் ஷீட்டைப் பட்டை பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஸ்கேல் கிடையாது. கட்டைவிரலை வைத்து ஓர் அளவு, பிளேடால் ஒரே இழுப்பு.

"வாங்கக்கா. தங்கச்சிக்கு இப்பத் தேவலையா?" என்றாள், தலை நிமிராமல்.

சிங்காரப்பேட்டையில் என் தங்கை காலை முறித்துக்கொண்டதால் பத்து நாள் அங்கே இருந்துவிட்டு அன்றுதான் ஓசூர் திரும்பியிருந்தேன். மற்றபடி நாள் தவறாமல் காலையில் இந்த வீட்டுக்கு வருவேன். பேச்சியம்மாளின் கணவர் அழகர்சாமிக்கு இரண்டு வருடமாக வலப்பக்கம் விளங்காது, பேச்சும் போய்விட்டது. அவரைக் குளிப்பாட்டி, கை காலை நீவி மடக்கி விடுவது என் வேலை. நான் இல்லாத நாட்களில் பேச்சியம்மாளே குளிப்பாட்டியிருக்கிறாள்.

"இது எதுக்கு?"

"பாத்ரூம் கதவுக்கடியில சந்து இருக்குல்ல, அதுக்கு. மேல ஜன்னலை நீங்க போன மறுநாளே அடைச்சுட்டேன். இந்த ஊரு மார்கழிக் குளிரு அவுகளுக்கு ஆகாதுக்கா."

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து இருவரும் வந்து இருபது வருடம் ஆகிறது. அவர் லேத் மெஷினில் வேலை பார்த்தார். இவள் பைக் விளக்கு செய்யும் கம்பெனியில் பேக்கிங். பதினெட்டு வருடம் கண்ணாடியைப் பெட்டியில் அடுக்கியவள். பெட்டிக்குள் எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கேதான் உடையும் என்று புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுப்பாளாம். கணவர் படுத்ததும் வேலையை விட்டாள். கைப்பழக்கம் விடவில்லை. வீட்டில் பருப்பு டப்பா கூட ஆடாது.

"கீசர்தான் மக்கர் பண்ணுது. பாதிக் குளியல்ல அணைஞ்சு போகுது. மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன். ரிப்பேர் பண்றதா, புதுசு வாங்குறதா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்க."

அது கேஸ் கீசர். சிலிண்டர் கொல்லைப்புறத்தில் இருந்தது; கீசர் குளியலறைக்குள், வாளிக்கு மேலே. மாட்டிப் பதினோரு வருடம்.

மெக்கானிக் சுபாஷ் ஒன்பது மணிக்கு வந்தான். போனில் கன்னடத்தில் யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டே ஒரு கையால் குழாயைத் திறந்தான். டப் என்று பற்றிக்கொண்டது. கதவைத் திறந்து வைத்து கால் மணி நேரம் ஓடவிட்டான். அணையவே இல்லை.

"நல்லாத்தானே எரியுதும்மா?"

"நாங்க குளிக்கிறப்ப மட்டுந்தான் அணையுது."

"அப்ப உங்க மேலதான் கோபம் போல."

நான் இந்தப் பக்கம் அழகர்சாமியின் விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். பேச்சியம்மாள் பெருமையாகச் சொன்னாள்: "நீங்க குளிப்பாட்டினா முழிச்சுக்கிட்டே கிடப்பாக. நான் குளிப்பாட்டினா பாதியிலயே சொக்கிருவாக. அப்புறம் மதியம் வரைக்கும் தூக்கம். என் கைராசி."

"உனக்கு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன? தலைதான் வலிக்குது. சுகரா இருக்கும்."

"எந்த நேரத்துல?"

"காலைல. இவுகளக் குளிப்பாட்டி முடிச்சதும்."

"ஜன்னலை அடைக்கறதுக்கு முன்னாடி வலிச்சுதா?"

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

குளியலறைக்குப் போய்ப் பார்த்தேன். ஜன்னலின் கண்ணாடிப் பட்டைகளுக்கு நடுவே ஒவ்வொரு சந்திலும் ஃபோம் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. அதன்மேல் பழுப்பு டேப், மூலை மடித்து. சுபாஷ் ஸ்டூல் மேல் ஏறித் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னான்:

"சிஸ்டர், இதுல எறும்பு கூட வராது."

"கதவையும் சாத்திக்கிட்டா?"

"நெருப்புக்குக் காத்து பத்தாது. அதான் அணையுது. அணையறதுக்கு முன்னாடியே விஷவாயு வந்துடும். அதுக்கு வாசனை கிடையாது, கண்ணுக்கும் தெரியாது."

பேச்சியம்மாள் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். "அவுகளுக்குத் தலை வலிச்சாக்கூடச் சொல்ல முடியாதேக்கா."

"முடியாது. எழுந்து அதைப் பிடுங்கு" என்றேன்.

பிடுங்குவது சுலபமாக இல்லை. ஸ்க்ரூ டிரைவர் கொண்டு நெம்பி எல்லாவற்றையும் எடுக்க இருபது நிமிடம் ஆயிற்று.

"ஜன்னலத் திறந்தாச்சு. இனி இந்தக் கீசரே போதுந்தானே?" என்றாள் பேச்சியம்மாள்.

சுபாஷ் மூடியைக் கழற்றிக் காட்டினான். உள்ளே கரி அப்பியிருந்தது. போர் தண்ணீரின் உப்பு குழாயில் வெள்ளையாகப் படிந்திருந்தது. பர்னர் துருப்பிடித்து இரண்டு இடத்தில் ஓட்டை.

"ரிப்பேர் பண்ணச் சொன்னா பண்ணித் தரேன். ஆனா அடுத்த மார்கழிக்கு நீங்க மறுபடியும் அடைப்பீங்க."

அவள் மறுக்கவில்லை. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது.

கரண்ட் கீசரை அந்த வீட்டு ஒயர் தாங்காது. மிக்சி போட்டாலே ஃபியூஸ் போகும். எனவே நான் சொன்னேன்: புதுசு வாங்கு, ஆனால் உள்ளே மாட்டாதே. வெளியே சிலிண்டர் பக்கத்துச் சுவரில் மாட்டி, சுடுதண்ணீர் மட்டும் உள்ளே வரட்டும். அவள் அடைத்தால் அடைத்துக்கொள்ளட்டும், நெருப்பு வெளியே இருக்கும்.

"அவ்வளவு தூரம் குழாய்ல வந்தா ஆறிப்போகும்க்கா. குளிருக்குப் பயந்துதான இம்புட்டும் செஞ்சேன்."

"ஆறினா ரெண்டு நிமிஷம் வாளில விட்டுட்டு அப்புறம் பிடி."

சுவரில் துளை போட வீட்டுக்காரர் ராமப்பனிடம் கேட்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டாள். தெலுங்கில் கொஞ்சம் முனகிவிட்டு, "போட்டுக்கோம்மா. காலி பண்றப்ப அடைச்சுக் குடுக்கணும்" என்றார்.

"அடைக்கிறதுல நம்மளக் குறை சொல்ல முடியாதுண்ணே" என்றாள் பேச்சியம்மாள். சுபாஷ் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அன்று மதியமே இருவரையும் ஆட்டோவில் ஏற்றி டாக்டரிடம் காட்டினேன். ரத்தம் எடுத்துப் பார்த்து, பெரிய கெடுதல் ஒன்றும் இல்லை என்றார். பேச்சியம்மாளிடம் மட்டும் என்ன நடந்தது என்று இரண்டு தடவை கேட்டார். இரண்டு தடவையும் அவள் ஒளிக்காமல் சொன்னாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவருடைய செயலற்ற கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு சுபாஷ் புதுக் கீசருடன் வந்தான். எட்டரைக்குள் சுவரைத் துளைத்து மாட்டிவிட்டான். நான் போனபோது பேச்சியம்மாள் கொல்லையில் நின்று, ஜன்னலிலிருந்து பிடுங்கிய அதே ஃபோம் பட்டைகளைச் சுடுதண்ணீர்க் குழாயின்மேல் சுற்றிக்கொண்டிருந்தாள். கீசரிலிருந்து ஒரு முழம் தள்ளித் தொடங்கி, ஒரு சுற்றின்மேல் பாதி ஏறும்படி அடுத்த சுற்று, மேலே டேப். சுவருக்குள் குழாய் நுழையும் இடம்வரை சுற்றிவிட்டு நிறுத்தி, என்னைப் பார்த்தாள்.

"இது அடைச்சா தப்பில்லையேக்கா?"

"இல்லை."

அழகர்சாமியை நாற்காலியில் உட்கார வைத்து, ஜன்னல் திறந்திருக்க, அவளே தண்ணீர் ஊற்றினாள். நான் சோப்புப் போட்டேன். முதல் செம்பிலேயே நல்ல சூடு இருந்தது. குளிருக்கு அவர் தோள் இரண்டு தடவை நடுங்கியது. துண்டை இறுக்கிப் போர்த்தினோம். துவட்டி முடித்ததும் அவர் தூங்கவில்லை. இடது கையைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் காட்டினார். பேச்சியம்மாள் போய் காபிக்குப் பால் வைத்தாள்.