நர்ஸ் வேலைக்கு மாரியாத்தாள் தந்த உத்தரவு

அந்த வருஷம் பங்குனி மாதம் எங்கள் வீட்டில் யாரும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. சோறு போடுவார்கள். தண்ணீர் வைப்பார்கள். பேச்சு மட்டும் கிடையாது. நான் யாரோடும் ஓடிப்போகவில்லை, எதையும் திருடவில்லை. டீச்சர் வேலையை விட்டுவிட்டு நர்ஸ் படிப்புக்குப் போவேன் என்று பிடிவாதமாக நின்றேன், அவ்வளவுதான். அதற்குத்தான் இந்தத் தண்டனை. அந்த நெருக்கடியில் மாரியாத்தாள் எனக்கு எப்படிக் கை கொடுத்தாள் என்பதை, அவளைக் கும்பிடுகிற உங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். அடக்க ஒடுக்கமான ஒரு பக்தையின் கதையை எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆமத்தூர். அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். ஐயாவுக்குக் கரிசல் காடு. பருத்தியும் மிளகாயும் போடுவோம். நான் நாரணாபுரம் பக்கம் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தேன். பொம்பளைப் பிள்ளையைப் படிக்கவைத்து வேலைக்கும் அனுப்பியவர் என்று ஐயாவுக்கு ஊரில் நல்ல பேர். அந்தப் பேரெல்லாம் டீச்சர் வேலையோடு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

அறுபத்திரண்டாம் வருஷம், மாசி மாதம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஒரு பட்டாசு ஷெட்டில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. பிச்சையம்மாள் என்ற பெண்ணுக்கு இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவந்தார்கள். எங்கள் பக்கத்தில் தீப்புண்ணுக்குப் பேனா மையை ஊற்றுவார்கள். மை அதிகம் இருக்கிற இடம் பள்ளிக்கூடம்தானே. பெரிய வாத்தியார் நீல மைப் புட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து அவள் கைகளில் கவிழ்த்தார். நல்ல மனுஷர். அழுதுகொண்டேதான் ஊற்றினார்.

லோடு ஏற்ற வந்த லாரியில் அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். துணைக்கு நான் ஏறிக்கொண்டேன். அங்கிருந்த நர்ஸம்மா அந்த நீலக் கைகளைப் பார்த்து ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தார். "புண்ணு எவ்வளவு ஆழம்னு தெரியணும்னா இந்த மையைக் கழுவியாகணும். யாராவது பிடிச்சுக்குங்க" என்றார். பிச்சையம்மாளின் புருஷன் தாங்கமாட்டாமல் வெளியே போய்விட்டார். நான்தான் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் போட்ட சத்தத்தை இங்கே எழுத முடியாது. கை பிழைத்தது, ஆனால் விரல்கள் முன்போல மடங்கவில்லை.

எனக்குத் தலை சுற்றவில்லை, மயக்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது. நல்லது என்று நினைத்து நாமே அந்த வேதனையைக் கூட்டிவிட்டோமே என்ற கோபம். அந்த நர்ஸம்மாவுக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியக்கூடாது என்ற கோபம். ஆனாலும் உடனே முடிவு எடுத்துவிடவில்லை. கையில் இருக்கிற வேலையை விடுவதா? வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவள் போய் மறுபடி மாணவியாக உட்காருவதா? ஆம்பளைகள் வார்டில் என்னால் நிற்க முடியுமா? பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் இதே யோசனைதான். யோசித்து முடித்து, வீட்டில் சொன்னேன்.

"நர்ஸா?" என்றார் ஐயா. "கண்டவன் உடம்பையும் தொட்டுத் துடைக்கிற வேலை. நம்ம வீட்டுப் பிள்ளை செய்யுற வேலையா தாயி அது?"

அண்ணன் குதித்தான். "அது சர்ச்சுக்குப் போற வேதக்கார வீட்டுப் பிள்ளைக செய்யுற வேலை. நாளைக்கு இவளை எவன் கட்டுவான்?"

"திருநீறு பூசுன கையால நாடி பிடிக்கக் கூடாதுன்னு எந்த டாக்டர் சொன்னாரு? கட்ட இஷ்டம் இருக்கிறவன் கட்டட்டும். இல்லாதவன் வந்த பஸ்ஸுலயே திரும்பிப் போகட்டும்" என்றேன்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

சொல்லாமல் கிளம்பிப் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். படிப்பில் சேர ஐயாவின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அதைவிட, ஐயாவை முறித்துக்கொண்டு போக எனக்கு மனசு இல்லை. எனக்கு ஐயாவும் வேண்டும், அந்த வேலையும் வேண்டும். இரண்டில் ஒன்றை எடு என்றால் எடுக்கமாட்டேன்.

கடைசியில் ஐயா, "ஆத்தாகிட்டப் பூக் கேப்போம். அவ சொல்லுறதை நீயும் கேக்கணும், நானும் கேக்கணும்" என்றார். எங்கள் வீட்டில் கிணறு வெட்டுவதானாலும் சம்பந்தம் பேசுவதானாலும் பூக் கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொதிந்து அம்மன் காலடியில் போடுவார்கள். பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. நானும் ஒத்துக்கொண்டேன்.

சிவப்பு வந்தது.

அண்ணன் சிரித்தான். எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, சன்னிதியில் நின்று சத்தமாகவே சொன்னேன். "ஆத்தா, இதை நான் ஒத்துக்கிட மாட்டேன். வெந்துபோன அந்தக் கையை நீ பாத்தியா இல்லையா? பாத்துட்டுத்தான் வேண்டாங்கியா? பூவு பேசுனது போதும். எங்கய்யா வாயால நீ சொல்லு. அதுவரைக்கும் உன்னை விடமாட்டேன்."

பூசாரி திருநீறு கொடுக்க மறந்து நின்றுவிட்டார். அன்றிலிருந்துதான் வீட்டில் பேச்சு நின்றது.

நான் விடவில்லை. தினமும் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கோயிலுக்குப் போவேன். தேங்காய் பழம் கிடையாது, நேர்ச்சை கிடையாது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். "எங்கய்யா வாயால" என்று மட்டும் சொல்லிவிட்டு வருவேன். வெளியில்தான் இந்த வீராப்பு. வரும் வழியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதிருக்கிறேன். ஆடியில் படிப்பு தொடங்கிவிடும் என்றார்கள். அதற்குள் ஐயா மனசு மாறும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை.

சித்திரை வெயிலில் ஐயாவுக்கு அம்மை போட்டது.

"உன் வாய்க்குத்தான் ஆத்தா வீட்டுக்கே வந்துட்டா" என்றான் அண்ணன். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும், "கோவம்னா என் மேலதான வந்திருக்கணும்? ஐயா என்ன செஞ்சாரு?" என்று கேட்டேன். அம்மாவுக்கும் அண்ணனுக்கும் அதுவரை அம்மை போட்டதில்லை. எனக்குச் சின்ன வயசிலேயே போட்டு இறங்கியிருந்தது. பள்ளிக்கூடமும் லீவு. ஐயா பக்கத்தில் போக நான் ஒருத்திதான்.

வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பதை நிறுத்தினோம். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும், அம்மை கண்டவர் அம்மன்தான். முகம் கொடுத்துப் பேசாத அதே ஐயாவை "தாயே" என்று கூப்பிட்டுக் கூழ் ஊட்டினேன். உடம்பைத் துடைக்கப் போனபோது கூசிச் சுருங்கினார். "நீ போ தாயி, வேண்டாம்" என்றார். பூக் கேட்ட நாளுக்குப் பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நீங்க இப்ப எங்கய்யா இல்லை, ஆத்தா. ஆத்தாளைத் துடைக்க எனக்கு என்ன வெக்கம்?" என்றேன். துணியை நனைத்துத் துடைத்தேன்.

அரிப்புத் தாங்காமல் அவர் சொறிந்ததில் முதுகில் புண்ணாகிச் சீழ் பிடித்தது. காய்ச்சல் ஏறியது. நான் கத்தரிக்கோலை வெந்நீரில் போட்டு எடுத்துக்கொண்டு அவர் நகத்தை வெட்ட உட்கார்ந்தேன். நிலைப்படியில் நின்ற அம்மா அலறினாள். "அடி பாவி! ஆத்தா இறங்கியிருக்கிற உடம்புல இரும்பை வைப்பியா?"

"நகத்துல ஆத்தா இல்லம்மா, அழுக்குத்தான் இருக்கு. அது புண்ணுல போகக் கூடாது" என்றேன். அம்மா என்ன சொல்லியிருப்பாளோ, அதற்குள் ஐயா தன் கையை என் பக்கம் நீட்டினார். ஒரு கை முடிந்ததும் அடுத்த கையையும் அவரே கொடுத்தார்.

மறுநாள் காய்ச்சல் இன்னும் ஏறி, அவருக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அன்றைக்கு நான் நர்ஸ் படிப்பைப் பற்றி ஆத்தாளிடம் மூச்சுவிடவில்லை. எங்கய்யாவைக் குடு என்று மட்டும் கேட்டேன். அதையும் அதட்டித்தான் கேட்டேன். பொழுது சாயும்போது ஐயா மேலெல்லாம் வேர்த்து, "தண்ணி" என்று கேட்டார். பெற்ற பிள்ளைக்கு ஊட்டுவதுபோல ஊட்டினேன். அன்று அழுத அழுகை ஆனந்தத்தில் அழுதது.

அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள் வந்தது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீர் முற்றத்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பங்காளிகள் வந்திருந்தார்கள். ஊற்றுவதற்கு முன்னால் அம்மை கண்டவரையே அம்மனாக வைத்துக் குறை கேட்பது எங்கள் வீட்டு முறை. அம்மா கும்பிட்டுக்கொண்டே கேட்டாள். "தாயே, மனசு குளுந்துச்சா? உனக்கு என்ன குறை? கேளு, செய்யுதோம்."

பொங்கல் வை என்பார், மாவிளக்கு எடு என்பார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஐயா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"என்னைத் தொட்டுத் துடைச்ச கையை எவனும் தடுக்கப்படாது. அவ போய்ப் படிக்கட்டும்."

அண்ணன்தான் மெல்ல, "அன்னைக்குப் பூ வேண்டாம்னுல்ல சொல்லுச்சு?" என்றான்.

"பூ சொன்னது அன்னைக்கு. இது இன்னைக்கு. ஊத்துலே தண்ணியை!" என்றார் ஐயா.

அண்ணன் ஊற்றினான். நான் மண்ணில் விழுந்து கும்பிட்டேன். ஐயாவைக் கும்பிட்டேனா ஆத்தாளைக் கும்பிட்டேனா என்று எனக்குத் தெரியாது. பேசியது யார் என்று பங்காளிகள் நெடுநாள் வாதாடினார்கள். நான் கேட்டது ஐயா வாயால். வந்ததும் ஐயா வாயால். எனக்கு அது போதும்.

ஐயாவே மதுரைக்குக் கூட்டிப்போய்க் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துவிட்டார். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம், "மக நர்ஸுக்குப் படிக்கப் போகுது" என்று அவராகவே சொன்னதை நான் காதால் கேட்டேன். இப்போது நான் தீப்பட்டவர்களையே அதிகம் பார்க்கிறேன். கூட வருகிறவர்களிடம், "மையை ஊத்தாதீக, பச்சைத் தண்ணியை ஊத்திக்கிட்டே கூட்டியாங்க" என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றுகிறது. ஆத்தா கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வந்து அக்கினிச்சட்டி எடுக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு வழி அடைபட்டிருந்தால் நான் சொல்வது இதுதான். ஆத்தாளிடம் போங்கள். பயந்து கைகட்டி நிற்காதீர்கள். கேட்க வேண்டியதை உரக்கக் கேளுங்கள். மறுத்தால் மறுநாளும் போய் நில்லுங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். பெற்றவளிடம் சண்டை போடாமல் நாம் வேறு யாரிடம் போய்ப் போடுவது?