ஆபா கொடுத்த வாந்தி மாத்திரை

ஆபாவின் பர்ஸில் எப்போதும் வாந்தி மாத்திரை அட்டை ஒன்று இருக்கும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பசை தடவும் வரிசையில் அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து இடம். உருதுவில் ஆபா என்றால் அக்கா; எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். பசை நெடி காலையிலேயே குடலைப் புரட்டும். எழுந்து ஓடினால் சூப்பர்வைசர் நாய் மாதிரிக் குரைப்பான். அதனால் வேலை ஆரம்பிக்கும் முன்பே ஆபா பர்ஸைத் திறந்து, பாக்கு கொடுப்பதுபோல் எங்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். "தின்னுடி. இன்னா முழிக்கிறே, விஷமா குடுக்கிறேன்?" நாங்கள் யாரும் அதை மருந்தாகவே நினைத்ததில்லை.

ஏழு மாதம் தின்றேன். கடைசி மூன்று மாதம் மாதவிடாய் வரவில்லை. ஒரு நாள் குளிக்கும்போது மார்பில் பால் கசிந்தது. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. எந்த ஆணும் என்னைத் தொட்டதில்லை. யார் நம்புவார்கள்? அம்மாவே நம்பமாட்டாள். உள்ளே துணியை மடித்து வைத்துக்கொண்டு, நனைந்துவிட்டதா என்று குனிந்து குனிந்து பார்த்தபடி வேலை செய்தேன். ஆபாவிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் லீவு போட்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

கர்ப்பம் இல்லை, பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்தான் எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது என்றார் டாக்டரம்மா. மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதில் கட்டி இருக்கலாமாம். "வேற மாத்திரை எதனா சாப்பிடறியா?" இல்லை என்றேன். கட்டி என்ற சொல்லிலேயே எனக்குக் குமட்டியது. ஆபா பழக்கத்தில் பர்ஸைத் திறந்து ஒரு மாத்திரையை நீட்டினார். டாக்டரம்மா அட்டையைப் பிடுங்கிப் படித்தார்.

மூளையிலிருந்து ஒரு ரசாயனம் இறங்கி வந்து, அந்தச் சுரப்பியின் செல்களில் ஒட்டி, 'பால் வேண்டாம்' என்று தடுத்துக்கொண்டே இருக்குமாம். இந்த மாத்திரை அது ஒட்டும் இடத்தை அடைத்துவிடுகிறது. தடை போனதும் பால் ஹார்மோன் ஏறுகிறது. அது ஏறினால், கருமுட்டையை முதிரவைக்கும் ஹார்மோன்களை விடச் சொல்லி மூளை அனுப்பும் உத்தரவு அடங்கிப்போகிறது; மாதவிடாய் நிற்கும், கருவும் தரிக்காது. "மொதல்ல இத நிறுத்து. திரும்ப ரத்தம் பார்ப்போம். பயப்படாத, அனேகமா சரியாய்டும். கொழந்தையும் பொறக்கும்."

எனக்கு உயிர் வந்தது. சிரித்தபடி ஆபாவைத் திரும்பிப் பார்த்தேன். பிள்ளை இல்லை என்று அவர் புருஷன் அதற்கு முந்தின வருஷம்தான் இன்னொரு நிக்காஹ் செய்திருந்தார்.

"பதினோரு வருஷமா தின்னவங்களுக்கு, டாக்டர்?"

டாக்டரம்மா அவர் வயதைக் கேட்டார். நாற்பத்து நான்கு என்றார் ஆபா.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். அதே வரிசை, அதே பசை. நெடி வெளியே போக ஒரு ஃபேன் மாட்டக்கூட எவனுக்கும் வக்கில்லை. ஆபா வேலையை விட்டுப் போய்விட்டார். அன்று அவர் அட்டையைத் திரும்ப வாங்கி, பர்ஸில் போட்டு மூடிய சத்தம் மட்டும் என் காதைவிட்டுப் போகவில்லை. பக்கத்தில் யார் பர்ஸைத் திறந்தாலும் என்ன எடுக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிடுகிறேன்.