நாங்கள் பார்க்காத ஓட்டம்

போன வருடம் மலேசியாவில் பண்டார் பாரு பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்தேன். மனவலிமை பற்றி ஒரே ஒரு புத்தகம் படித்துவிட்டு, எல்லாம் தெரிந்த மாதிரி திரிந்தேன்.

மாவட்டப் போட்டியன்று, "உன்னைப் பார்க்கத்தான் தோட்டமே லோரி ஏறி வந்திருக்கு, விட்றாதே!" என்று என் மாணவி சரசுவை உசுப்பினேன். நூறு மீட்டர் ஓட்டத்தில் தொடக்க வெடிச் சத்தத்துக்கு முன்பே இரண்டு முறை ஓடி, வெளியேற்றப்பட்டாள். இருநூறு மீட்டர் பாக்கி இருந்தது. "உன்னால முடியும்" என்று நான் மறுபடி ஆரம்பிக்க, வாந்தி எடுத்தாள்.

"நான் ஓடல, டீச்சர்."

பால்மரம் சீவும் அவள் அம்மா என்னைத் தனியே அழைத்தார்.

"வேலையைக் கண்காணிக்கிற மண்டோர் பின்னாடி வந்து நின்னாலே எனக்குக் கை நடுங்கும், கத்தி ஆழமா இறங்கிடும். இத்தனை வருசமா சீவுறேன், எனக்கே அப்படி. அது சின்னப்புள்ளலா, டீச்சர்."

பிறகு லோரியில் வந்தவர்களைப் பார்த்துக் கத்தினார்: "எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்க! ஐஸ் கச்சாங் வண்டியைப் பாருங்க!"

"ஓட்டத்தைப் பார்க்கத்தானே வந்தோம்?"

"பார்த்தது போதும்லா!"

சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். சரசு எழுந்து கோட்டுக்குப் போவதைப் பார்த்துவிட்டு, கடைசியாக நானும் திரும்பினேன். வெடி வெடித்தது, கால்கள் தடதடவென்று எங்களைக் கடந்தன. பார்க்காமல் நிற்பது அவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு கை என் முதுகைத் தட்டியது. "நாலாவதுதான், டீச்சர். இப்பத் திரும்பலாம்." மூச்சு வாங்கச் சிரித்தாள் சரசு.

இப்போதெல்லாம் ஒரு பிள்ளைக்குத் தைரியம் சொல்ல வாயைத் திறக்கும் முன், நான் எங்கே நிற்கிறேன் என்று பார்த்துக்கொள்கிறேன்.