இடப்பக்கம் இழுக்கிற வண்டி

மூன்றாவது முறையும் அளந்துவிட்டு, அவர் நாடாவைச் சந்தேகப்பட்டார். முதல் முறை இரண்டடி மூன்று அங்குலம் வந்தது. அடுத்த முறை மூன்றரை. இப்போது மூன்றேகால். குழாய் என்னவோ அதே குழாய்தான். நாடாவின் நுனியைக் கால் கட்டைவிரலால் மிதித்துக்கொண்டு, டப்பாவைக் கையில் பிடித்து, உடம்பை ஒருக்களித்து எண்ணைப் படிக்கப் பார்க்கிறார். குனிந்தால் கால் எழும்புகிறது. கால் எழும்பினால் நாடா சரேலென்று சுருண்டு டப்பாவுக்குள் ஓடிவிடுகிறது. கடைசியில் நடுவில் இருந்த எண்ணுக்கு ஓட்டுப் போட்டுவிட்டு, கோடு போடச் சாக்பீஸைத் தேடினார். ஐந்து நிமிடம் தேடினார். அது அவர் காதில் இருந்தது.

எங்கள் தெருவில் அவருக்குக் ‘கொஞ்சம் இருங்க’ என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில் அது. “மணி என்னங்க?” என்றாலும் “கொஞ்சம் இருங்க” என்பார். தொழில் வெல்டிங். வயது ஐம்பத்திரண்டு. வலது புருவம் பாதிதான் இருக்கிறது. மீதியைப் பொறி தின்றுவிட்டது. சட்டைகள் எல்லாவற்றிலும் ஊசிக்கண் அளவுக்கு ஓட்டைகள். பற்றவைக்கும்போது இரும்போடு பேசுகிற வழக்கமும் உண்டு. “ஏம்ப்பா, அசையாம நில்லேன்” என்பார். நின்றுவிட்டால் “ம், அப்படித்தான்” என்று ஒரு பாராட்டும் கிடைக்கும்.

கீழே அவருடைய பட்டறை, அதன் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக அவருடைய வீடு, நடுவில் ஒரு முற்றம். மாடியில் நான். என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்த முற்றம் என்பதால், நான் பத்திரிகைகளுக்கு எழுதுவதில் பாதி அவருடைய கிரைண்டர் சத்தத்தில் எழுதியது. என்னை அவர் டீச்சர் என்று கூப்பிடுகிறார். நான் டீச்சர் இல்லை. மூக்குக் கண்ணாடியும் கையில் காகிதமுமாகக் குடிவந்ததால் விழுந்த பெயர் அது. ஒரு நாள் உட்கார வைத்து விளக்கமாகச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, “சரி டீச்சர்” என்றார்.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வீடுகளுக்காவது அவர் செய்த கேட்டுகள் இருக்கும். ஒன்றுகூடத் தொங்கியதில்லை. சுண்டுவிரலால் தள்ளினால் மூடிக்கொள்ளும். அப்படிப்பட்ட கைக்கு, மிஷினை வைத்துத் தள்ளிப்போக ஒரு சின்ன வண்டி செய்ய மூன்று வாரமாக வரவில்லை என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பாமல்தான் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். அவருடைய வெல்டிங் மிஷின் பழைய காலத்து இரும்புப் பெட்டி, ஐம்பத்தைந்து கிலோ. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கைப்பிடி. பத்தொன்பது வருடமாக வலப்பக்கக் கைப்பிடி அவருடையது, இடப்பக்கக் கைப்பிடி அவர் மனைவியுடையது. தெருவுக்கெல்லாம் அவர் அக்கா. காலையில் இருவரும் மிஷினை நடுவில் தொங்கவிட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போவதை நான் நான்கு வருடமாகப் பார்க்கிறேன். பேசிக்கொள்ள மாட்டார்கள். கால் மட்டும் ஒன்றாகப் போகும். வேலை நடக்கிற இடத்திலும் அக்கா சும்மா நிற்கிறவர் இல்லை. நாடாவின் மறுமுனை அவர் கையில்தான் இருக்கும். எண்ணைப் படிப்பதும், மனக்கணக்காகக் கழித்துச் சொல்வதும், பற்றவைக்கிற ராடு எடுத்துக் கொடுப்பதும் அவர் பாடு.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அக்காவின் வலது தோளில் தசைநார் கிழிந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறோர் ஆளைக் கூலிக்கு அழைத்துப் போய்ப் பார்த்தார் வெல்டர். இரண்டாம் நாளே முழங்காலில் கட்டோடு திரும்பினார். அந்த ஆள் எட்டி எட்டி நடக்க, மிஷின் இவர் காலில் இடித்துக்கொண்டே வந்திருக்கிறது. தெருக்கோடியில் எழும்புகிற கட்டடத்துக்கு இரும்புப் படிக்கட்டு செய்யும் வேலை வேறு கையில் இருந்தது. அங்கே மிஷினைப் பூட்டிவைக்க இடம் கிடையாது. தினமும் கொண்டுபோய்த் தினமும் கொண்டுவர வேண்டும். அதனால் ஒரு வண்டி செய்துவிட்டால் தான் மட்டும் போய்வரலாம், அக்கா வீட்டில் ஓய்வாக இருக்கலாம் என்று முடிவு செய்தார்.

அக்காவுக்கு அந்த ஏற்பாடு துளியும் பிடிக்கவில்லை. தூக்காவிட்டால் என்ன, கூடப் போய் அளவு பிடிக்கலாமே என்று நான்தான் ஒரு நாள் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவர் சுமந்துட்டுப் போவாரு, நான் கையை வீசிட்டுப் பின்னால போகணுமா? நான் என்ன விருந்தாளியா?”

வண்டிக்கு அளவெடுக்க வெல்டர் கூப்பிட்டபோதும் அவர் வரவில்லை. சமையலறை வாசலில் உட்கார்ந்தபடியே சொன்னது எனக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

“என்னை வீட்டுல உக்கார வைக்கிற வண்டிக்கு நானே நாடா பிடிக்கணுமா?”

“கொஞ்சம் இரு” என்றார் இவர். என்ன பதில் சொல்வது என்று யோசிக்கத்தான் அப்படிச் சொன்னார். மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கான சாமான்கள் எல்லாம் பழைய இரும்புக் கடையிலிருந்து வந்தவை. ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றின் நான்கு சக்கரங்களும் பக்கக் கம்பியும். பள்ளிக்கூட பெஞ்சு ஒன்றிலிருந்து கழற்றிய ஆங்கிள்கள். ராடு வைக்க, செத்துப்போன ஃபிரிட்ஜின் கம்பித் தட்டு. கேபிளைச் சுற்றி மாட்டச் சைக்கிள் ஹேண்டில்பார். அது கொம்பு மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. “எல்லாம் நல்ல குடும்பத்து இரும்பு டீச்சர்” என்று அறிமுகப்படுத்தினார்.

முதல் வண்டி மேசையை விட்டு வரவே இல்லை. இரும்பு மேசைமேல் சட்டத்தை வைத்து நான்கு மூலையையும் பற்றவைத்தவர், மேசையையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார். தூக்கிப் பார்த்தார், மேசையும் கூடவே எழுந்தது. இரண்டாவது வண்டியில் அளவு கோணி ஒரு சக்கரம் தரையைத் தொடவில்லை. எந்தச் சக்கரம் என்று பார்க்க மிஷினை இறக்க வேண்டும். இறக்க இன்னோர் ஆள் வேண்டும். ஆள் வேண்டாம் என்பதற்காகத்தான் வண்டியே. இந்த இடத்துக்கு வந்ததும் அவர் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கும் மேலே நின்றபடி தலை சுற்றியது.

மூன்றாவது வண்டி உருண்டது. பார்க்க லட்சணமாகவும் இருந்தது. பின்னால் நேராக நிற்கிற இரண்டு சக்கரங்கள், முன்னால் திரும்புகிற இரண்டு சக்கரங்கள், தள்ளுவதற்குக் கட்டிலின் நீளமான பக்கக் கம்பி. ஒரே ஒரு குறைதான். எப்படித் தள்ளினாலும் இடப்பக்கம் இழுத்தது. முற்றத்தின் ஒரு கோடியிலிருந்து கேட்டைப் பார்த்துப் புறப்பட்டால் தண்ணீர்த் தொட்டியில் போய் முட்டியது.

வைத்தியம் சொல்ல ஆட்கள் வந்தார்கள். அக்காவின் தம்பி லாரி ஓட்டுகிறவன். இரண்டு தடவை குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, “அலைன்மென்ட் போச்சு மாமா” என்றான். இடது சக்கரத்தை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டார்கள். வண்டி இடப்பக்கமே போனது. பழைய இரும்புக் கடைக்காரர், தன் சரக்கில் குறை வரக் கூடாது என்பதற்காகவோ என்னவோ, தரை சரிவு என்று தீர்ப்பு சொன்னார். அவரையே எதிர்த்திசையில் தள்ளச் சொல்லிப் பார்த்தார்கள். அப்போதும் இடப்பக்கம்தான், இந்தத் தடவை முட்டியது பட்டறைச் சுவரில். கடைக்காரர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, அது இருந்த ஆஸ்பத்திரியில் யார் யார் செத்தார்களோ என்று முணுமுணுத்தார்.

இத்தனை நேரமும் அக்கா வாசற்படியில் தோளில் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு, இடது கையால் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவை வண்டி கோணும்போதும் தலை நிமிராமல் “இடது” என்று மட்டும் சொல்வார். அந்தக் குரலில் வருத்தம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

“ஊருக்குச் செஞ்சா கை தானாப் போகுது டீச்சர்” என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னார் வெல்டர். “இது எங்கே தப்புன்னே புரியல. குழம்பிப்போச்சு.”

திங்கட்கிழமை படிக்கட்டு வேலை ஆரம்பம். சனிக்கிழமை மத்தியானம் முற்றத்தில் ஒரு கயிற்றைப் பிடித்துச் சாக்பீஸால் நேர்க்கோடு போட்டார். வண்டியைக் கோட்டின்மேல் நிறுத்தித் தள்ளினார். அப்போதுதான் நான் மேலேயிருந்து அதைக் கவனித்தேன். கோட்டின்மேல் வண்டிதான் இருந்தது, அவர் இல்லை. கம்பியின் வலது கோடியில் இரண்டு கையையும் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். இடப்பக்கப் பாதிக் கம்பி காலியாகக் கிடந்தது. ஒரு கோடியில் நின்று தள்ளினால் எந்த வண்டிதான் நேராகப் போகும்?

என் வாய் எந்தக் காலத்தில் சும்மா இருந்திருக்கிறது? “நடுவுல நின்னு தள்ளுங்க” என்று மேலேயிருந்து சொன்னேன்.

“நடுவுலயா?” என்றார். கம்பியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு, அடுத்தவர் நாற்காலியில் உட்காருகிறவர் போலத் தயங்கித் தயங்கி நடுவுக்கு நகர்ந்தார். தள்ளினார். வண்டி கோடு தப்பாமல் கேட்டுவரை போய் நின்றது.

அன்றும் வந்திருந்த கடைக்காரர் கைதட்டினார். சக்கரத்தில் குறையில்லை என்று அப்போதே சொன்னேன் பாருங்கள் என்று, சொல்லாததை எல்லாம் சொன்னதாகச் சொன்னார். அக்கா மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு எழுந்தார். உள்ளே போய்ச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார். படாரென்று சாத்தியிருந்தால்கூடத் தேவலை, சத்தமே வரவில்லை. எனக்கு என்னவோ போலாகிவிட்டது. மூன்று வாரமாக அந்த அக்காவுக்கு மிச்சமிருந்தது வண்டியின் அந்தக் கோணல் ஒன்றுதான். அதையும் நான் மேலே நின்றபடி நிமிர்த்திக் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் கிரைண்டரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நடுவில் நின்று தள்ளுவதென்றால் இவ்வளவு நீளக் கம்பி எதற்கு, இரண்டு பக்கமும் நறுக்கிவிடலாம் என்று கணக்கு. நாடாவைக் கால் விரலுக்கு அடியில் மாட்டப் பார்த்தார். கம்பி இடுப்பு உயரத்தில் இருந்ததால் கால் எட்டவில்லை. பல்லால் பிடித்துப் பார்த்தார். கடைசியில் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

“இந்த நாடாவைக் கொஞ்சம் பிடிக்கிறியா?”

பிறகு கதவு திறந்தது. அக்கா வந்து இடது கையால் நுனியைக் கம்பியின் அந்தக் கோடியில் வைத்து அழுத்தினார். மூன்று வாரத்தில் முதல் தடவையாக நாடா ஆடாமல் நின்றது. வழக்கம்போல எண்ணைப் படித்தது அக்காதான்.

“மூணே முக்கால் அடி.”

“அவ்வளவா?”

“ரெண்டு ஆள் நிக்கிற நீளம் வச்சிருக்கீங்க” என்றார் அக்கா.

அவர் கம்பியைப் பார்த்தார். அக்கா பிடித்திருந்த கோடியையும், தான் பிடித்திருந்த கோடியையும் பார்த்தார். “அப்படியா வச்சேன்?” என்று கேட்டார். அந்த முகத்தில் நடிப்பு இல்லை. மேசையையும் வண்டியையும் சேர்த்துப் பற்றவைத்த அன்று இருந்த அதே திகைப்புதான் இருந்தது. தெரியாமல் வைத்தாரா, கைக்குத் தெரிந்து அவருக்குத் தெரியாமல் போயிற்றா என்பது எனக்கு இன்றுவரை குழப்பம்.

“கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டு, கிரைண்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

திங்கட்கிழமை காலை மிஷினும் கேபிளும் ராடுமாக வண்டி முற்றத்தில் தயாராக நின்றது. அவர் வந்து, நடுவில் அல்ல, வலது கோடியில் பிடித்தார். தள்ளினார். வண்டி யோசிக்காமல் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திரும்பியது. இழுத்துப் பின்னால் கொண்டுவந்து மறுபடி தள்ளினார். மறுபடியும் தொட்டி. நான் ஜன்னலில்தான் நின்றேன். இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

சமையலறையிலிருந்து அக்கா வந்தார். நாடா டப்பாவை இடுப்பில் செருகியிருந்தார். வலது கையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, கம்பியின் இடது கோடியில் இடது கையை வைத்தார். அதில் பெரிதாகப் பலம் எதுவும் இல்லை. ஒரு கதவைத் தள்ளுகிற அளவுதான். வண்டி சாக்பீஸ் கோட்டின்மேல் நேராகப் போனது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை. கால் மட்டும் ஒன்றாகப் போனது.

கேட்டைத் தாண்டித் தெருவில் திரும்புமுன் அவர், அக்காவைப் பார்க்காமலே, தன் இரண்டு கையையும் ஒரு விரல் அளவு வலப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.