மாஸ்டரின் ஜப்பான் சார்ஜர்

இன்றைக்கு மண்டூரில இருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் என்ட பற்றரிக் கடைக்கு வந்தார். கரண்ட் போனால் லைற் எரிக்க என்னிட்ட வாங்கின பற்றரி, ரெண்டு மாசத்தில வயிறு ஊதிப்போச்சாம்.

"நீ தந்த பற்றரி சரியில்ல தம்பி."

"எந்தச் சார்ஜரில போட்டீங்க மாஸ்டர்?"

பெட்டியோட எடுத்து வைத்தார். கொழும்பில வாங்கினதாம். பெட்டியில் ஜப்பான் கொடி. அந்தச் சாமானை ஜப்பான் கண்டே இருக்காது. சுனாமி நிவாரணம் வெளிநாட்டுக் கொடிகளோட வந்த நாளிலிருந்து நம்மட ஆக்கள் கொடியைப் பார்த்துத்தான் சாமானை நம்புறது.

சார்ஜ் நிறைஞ்ச பன்னிரண்டு வோல்ட் பற்றரி ஒன்றில் அதை மாட்டி மீற்றரைப் பிடித்தேன். பதினேழு வோல்ட். இறங்கவே இல்லை. பதினைந்தைத் தாண்டினாலே பற்றரி வெந்துபோகும்.

"ஜப்பான் கரண்ட் கொஞ்சம் பலமாத்தான் இருக்கும்" என்றார் மாஸ்டர்.

என்ட கடையில் பேரில்லாத மலிவுச் சார்ஜர் ஒன்று கிடந்தது. அதை மாட்டினேன். பற்றரி நிறைவென்று கண்டதும் தானாகவே பதின்மூன்றரைக்கு இறங்கி நின்றது. மாஸ்டர் தொட்டுப் பார்த்தார். சூடும் இல்லை.

வாங்கிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இதை அந்த ஜப்பான் பெட்டிக்குள்ள வச்சுத் தா" என்றார்.

"ஏன் மாஸ்டர்?"

"நான் சொல்லித்தான் ஊரில அஞ்சு வீட்டுக்காரர் அந்தச் சார்ஜரை வாங்கினவங்க."

"அப்ப உடனே கழற்றச் சொல்லுங்க."

"பார்ப்பம்."

நான் யாவாரி, கேட்டபடி வைத்துக் கொடுத்தேன். ஆனால் அஞ்சு வீட்டிலயும் பற்றரி வீங்கிக்கொண்டிருக்குது. மண்டூரில் சொந்தக்காரர் உள்ளவங்க இன்றைக்கே ஒரு போன் கோல் எடுத்து, அந்தச் சார்ஜரைக் கழற்றச் சொல்லுங்க. மாஸ்டர் சொல்லமாட்டார்.