நூர்ஜஹான் அக்காவின் சைகஸ்

போன மாதம் எங்கள் அடுக்ககத்து வாசலில் வைக்க இரண்டு சைகஸ் செடிகள் வந்து இறங்கின. குட்டி ஈச்சமரம்போல் இருக்குமே, பெரிய ஓட்டல் வாசல்களில் பார்த்திருப்பீர்கள். "தண்ணி கம்மியா ஊத்துங்க மேடம், அழுகிடும்" என்றார் நர்சரிக்காரர். அதை என்னிடமா சொல்ல வேண்டும்!

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. கும்மிடிப்பூண்டியில் ஒரு ரசாயனக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. செவ்வாப்பேட்டையில் அண்ணன் வீட்டிலிருந்து ரயில் மாறி ரயில் போய்க்கொண்டிருந்தவள், அண்ணியோடு ஒத்துவராமல் (காரணம் ஒரு குக்கர் மூடி, சிரிக்காதீர்கள்) கம்பெனிக்குப் பக்கத்திலேயே ஓர் ஒற்றை அறைக்குக் குடிவந்தேன். எத்தனை முறை கழுவினாலும் கையிலிருந்து அமில நெடி போகாது. அந்தக் கையால் தனியாகச் சோறு பிசைந்து சாப்பிடுவேன்.

பக்கத்துப் போர்ஷனில் நூர்ஜஹான் அக்கா. பழவேற்காட்டுக்காரர். கணவர் சவூதியில். அவர் வாசலில் சிமெண்டுத் தொட்டியில் ஒரு சைகஸ். வருடத்துக்கு ஒருமுறைதான் இலை விடும். விட்டால் மொத்தமும் ஒன்றாக, சுருட்டிய நாடாக்களைப்போல. "அவரு லீவுல வரச்சொல்லதான் இதுவும் எலை உடும். ரெண்டும் பேசி வச்சிக்கினு வருது போல" என்பார் அக்கா.

ஒரு கார்த்திகையில் அவருடைய அம்மாவுக்குக் கால் முறிந்தது. "செடிய மட்டும் பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பினார். எவ்வளவு தண்ணீர் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் ஒரு சொம்பு. குளித்ததும் ஒரு சொம்பு. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகாமல் மூன்று, நான்கு. ஊற்றிக்கொண்டே அன்று உடைந்த கண்ணாடிக் குழாயைப் பற்றி, கேன்டீன் சாம்பாரைப் பற்றி எல்லாம் அதனிடம் சொல்வேன். அக்கா போனபின் அந்தத் தெருவில் நான் வாய்திறந்து பேசியது அதனோடு மட்டும்தான். இலைகள் மஞ்சளாயின. தண்ணீர் போதவில்லையென்று இன்னும் கூட்டினேன். வேதியியல் படித்தவள் நான்!

தைக் கடைசியில் அக்கா திரும்பினார். பையைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து, செடியின் உச்சியை விரலால் அழுத்தினார். கொழகொழவென்று விரல் உள்ளே போனது. புளித்த வாடை அடித்தது.

"தெனமும் ஊத்துனியாம்மா?"

"ஆமாக்கா."

"எத்தினி தபா?"

சொன்னேன். திட்டு வாங்கத் தயாராக நின்றேன். அக்கா விரலைச் சுவரில் துடைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார்.

"அவ்ளோ தனியாவா இருந்த?"

நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன். அன்று மத்தியானம் அவர் வீட்டில் இறால் தொக்கும் சோறும். அதற்குப் பிறகு நான் தனியாகச் சாப்பிட்டதாகவே நினைவில்லை, நான்கு மாதங்களுக்கு.

ஐந்தாம் மாதம் கணவர் வந்தார். விசா கிடைத்துவிட்டது என்று அக்காவைக் கூடவே அழைத்துப் போனார்.

போன மாதம் நர்சரிக்காரர் வந்துபோன மறுவாரம், எதற்கென்றே தெரியாமல் கும்மிடிப்பூண்டியில் அந்தத் தெருவுக்குப் போனேன். இரண்டு போர்ஷன்களும் இல்லை. அந்த இடத்தில் லாரிகளை நிறுத்தியிருந்தார்கள். நூர்ஜஹான் அக்கா எங்கே என்று யாரிடமாவது விசாரிக்கலாம் என்று பார்த்தேன். அந்தத் தெருவில் எனக்குத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.