நடுவில் வந்த ஒற்றனுக்கு என் ஓட்டு

“நீ பாத்திருப்பேம்மா, இல்லேங்கலை. ஆனா புரிஞ்சிருக்கணுமே?”

இதைக் கேட்டவர் வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். கேட்ட இடம், மயிலாப்பூர் குளத்துக்குத் தெற்கே ஒரு சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் நான் வேலை பார்த்த டைப்பிங் சென்டர். கேட்ட விஷயம், இங்கிலீஷ் படங்களில் கோட்டும் சூட்டுமாக வந்து உலகத்தைக் காப்பாற்றும் அந்த ரகசிய ஒற்றனைப் பற்றியது. அந்த ஒற்றனின் பெயரை நான் எழுத வேண்டிய அவசியமில்லை. ரகசிய ஒற்றன் என்றுதான் பேர். ஆனால் எந்த ஊர் ஓட்டலுக்குப் போனாலும் வாசலிலேயே தன் முழுப்பெயரைச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அப்படியும் அவரைக் கண்டுபிடிக்க வில்லனுக்கு இடைவேளை வரை ஆகும்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. பல வருஷம் சும்மா இருந்த அந்த ஒற்றனுக்குப் புதிதாக ஒரு நடிகர் வந்திருந்தார். அதையொட்டி ஓர் இங்கிலீஷ் பத்திரிகை, இதுவரை நடித்தவர்களில் சிறந்த ஒற்றன் யார் என்று வாசகர்கள் எழுதலாம் என அறிவித்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வராததுகூட யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை.

டைப் அடித்த கடிதத்துக்குத்தான் ஆசிரியர் மரியாதை கொடுப்பார் என்று நம்பியவர்கள் என்னிடம் வந்தார்கள். முக்கியமாக இரண்டு பேர். ஒருவர் மேலே சொன்ன வங்கி சார். இன்னொருவர் தி.நகரிலிருந்து பைக்கில் வரும் மெடிக்கல் ரெப். டாக்டர்களைப் பார்க்க வேண்டிய நேரத்தையெல்லாம் எங்கள் பெஞ்சில்தான் கழித்தார். ஒற்றனாக முதலில் நடித்தவரை அவர்கள் பெரியவர் என்றும், இப்போது வந்தவரைச் சின்னவர் என்றும் சொன்னார்கள். பங்காளி வீட்டுப் பிள்ளைகள் மாதிரி.

“கோட்டுன்னா பெரியவர் போட்டுண்ட கோட்டு. உங்காளு போட்டுண்டா ஹேங்கர்ல மாட்டினாப்பல இருக்கு” என்பார் சார்.

“எங்காளு மலை மேலேர்ந்து குதிக்கிறாரு மாமா. உங்காளு குதிச்சா இடுப்பு புடிச்சுக்கும்.”

“குதிக்கறதுக்குக் கொரங்கு போறுமே. ஸ்பை எதுக்கு?”

உயரம், நிறம், நடை, குரல், பல் வரிசை என்று ஒன்று விடாமல் அலசினார்கள். பெண்ணின் ஜாதகம் ஒன்றுதான் கையில் இல்லை. நடுவில் இன்னொருவர் ஒற்றனாக வந்து போனாரே, அவர் பேச்சை எடுத்தால் மட்டும் இருவரும் உதட்டைப் பிதுக்கினார்கள்.

மூன்றாம் நாள் என்னால் முடியவில்லை. “நடுவுல வந்தவர்தான் சார் நல்லா பண்ணாரு” என்றேன்.

டைப்ரைட்டரே வாய் திறந்து பேசிவிட்டதுபோல இருவரும் திரும்பினார்கள்.

“நீ பாத்திருக்கியா?”

“எல்லாத்தையும் பாத்திருக்கேன் சார். சிலதை இருபது தடவ.”

அப்போதுதான் சார் மேலே நான் எழுதிய அந்தக் கேள்வியைக் கேட்டார். “ஃபைட் சீன் பாத்திருப்பாங்க, விடுங்க மாமா” என்றார் ரெப். நடுவில் வந்தவர் விஷயத்தை விட்டால், அவர்கள் இருவரும் ஒத்துப்போனது அதில்தான்.

நான் எல்லாப் படத்தையும் பார்த்ததில் ரகசியம் எதுவும் இல்லை. மவுண்ட் ரோடு பக்கம் இங்கிலீஷ் படம் ஓட்டும் ஒரு தியேட்டரில் அப்பா டார்ச் அடித்து ஸீட் காட்டுபவர். பழைய ஒற்றன் படங்களை மார்னிங் ஷோவாகத் திரும்பத் திரும்பப் போடுவார்கள். லீவு நாட்களில் என்னைக் கூட்டிப்போய்க் கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார வைப்பார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தின் உள்பக்கத்தைப் பார்த்த முதல் ஆள் நான். ஆனால் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒற்றன் பேசுகிற இங்கிலீஷைச் சொல்லித்தரவில்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னேன்.

“புரிஞ்சி பாக்கறவன் எவன்? இருபது வருசமா டார்ச் அடிச்சிக்கினு கீறேன்” என்றார் அப்பா. “ஒருத்தன் சிரிச்சா பக்கத்து ஸீட்டுக்காரன் சிரிப்பான். அவனப் பாத்து அடுத்தவன் சிரிப்பான். லைட்டப் போட்டு, ‘இன்னாத்துக்கு நைனா சிரிச்ச’ன்னு கேளு, ஒருத்தன் சொல்ல மாட்டான்.”

“நானும் பேப்பருக்கு எழுதப் போறேன்.”

“இங்கிலீஷ்லயா?”

“இங்கிலீஷ்லதான்.”

அப்பா சோற்றைப் பிசைந்தார். “பேரு போடுவாங்களா?”

அதுதான் விஷயம். எங்கள் குடும்பத்தில் யாருடைய பெயரும் வாக்காளர் பட்டியலைத் தவிர வேறெங்கும் அச்சானதில்லை. அதிலும் அப்பாவின் வயதைக் கூட்டி, அம்மாவை ஆணாக்கியிருந்தார்கள். என் பெயர் எழுத்துப் பிழையில்லாமல் இங்கிலீஷ் பத்திரிகையில் வரவேண்டும். அதன் மேலே நான் நினைத்தது இருக்க வேண்டும். ஒற்றனுக்கும் எனக்கும் அவ்வளவுதான் உறவு.

நினைத்ததற்கு ஒன்றும் பஞ்சமில்லை. வசனம் புரியாதவள் வேறெதைப் பார்ப்பாள்? கையையும் கண்ணையும்தான் பார்த்தேன். அப்பா இருட்டில் ஸீட் காட்டும்போது எல்லோரும் தரையில் விழும் வெளிச்ச வட்டத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பவர்கள் டிக்கெட் இல்லாமல் நுழைந்தவர்கள் மட்டும்தான். அதனால் எனக்கு ஒற்றனைவிட அவருக்குக் கதவு திறப்பவன்மேல், தட்டில் கிளாஸ் ஏந்தி வருபவன்மேல் கண் போகும். பெரியவர் தட்டைப் பார்க்காமலே கிளாஸை எடுப்பார். சின்னவர் எதிரே கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டே எடுப்பார். நடுவில் வந்தவர் ஒருவர்தான் கிளாஸைத் தொடுமுன் வெயிட்டரின் முகத்தை ஒரு கணம் பார்ப்பார். உலகத்தையே அழிக்கத் திட்டம் போட்ட வில்லன் விஷத்தைத் தன் கையாலா கொண்டுவந்து தருவான்? தட்டு ஏந்தி வருபவனிடம்தான் கொடுத்தனுப்புவான். அந்த முகத்தைப் பார்க்காதவர் ஒற்றன் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்த விருந்தாளி.

இதை இங்கிலீஷில் எழுதுவதில்தான் சிக்கல். நான் கற்ற இங்கிலீஷ் முழுவதும் வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் மேட்டரிலிருந்து வந்தது. அதாவது லீவு லெட்டர், வேலைக்கு மனு, வாடகைக்காரருக்கு வக்கீல் நோட்டீஸ். என் முதல் பிரதி, பணிவுடன் சமர்ப்பித்துக்கொள்வது என்னவென்றால் என்று தொடங்கி, தாங்கள் பெரிய மனதுவைத்து ஆவன செய்ய வேண்டும் என்று முடிந்தது. படித்துப் பார்த்தால் நடுவில் வந்த நடிகருக்கு நான் கிளார்க் வேலை கேட்பதுபோல இருந்தது. இரண்டாவது பிரதியில் கொஞ்சம் கோபம் சேர்த்தேன். அது பெரியவரை ஏழு நாளில் இடத்தைக் காலி செய்யச் சொல்லியது. இரண்டையும் கிழித்தேன். மூன்றாவதில், எதிரே ஒருவர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, எனக்குத் தெரிந்த சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினேன். தெரியாத நாலு வார்த்தைக்கு அகராதியைப் பார்த்தேன். பதினோரு வாக்கியம் வந்தது.

இதற்கிடையில் மற்ற இருவர் கடிதங்களையும் ஒழுங்காக டைப் அடித்தேன். சாருடைய கடிதத்தில் பாதி, அவர் உத்தியோகத்தில் இருந்தபோது கோட்டுப் போட்டுக்கொண்டு போன ஒரு மாநாட்டைப் பற்றியது. ரெப் கடிதத்தில் பாதி, எந்தக் கார் எத்தனை வேகத்தில் போகும் என்பது. எழுத்துப் பிழைகளைத் திருத்தினேன். கருத்துப் பிழைகளைத் திருத்துவது என் வேலையில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு நாள், காலை பதினொரு மணிக்கு இருவரும் கடிதம் வாங்க வந்தார்கள். என் மேஜைமேல் என்னுடைய தாள் கிடந்தது. சார் தன்னுடையது என்று நினைத்து எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றபடியே கடைசிவரை படித்தார். ரெப் அவர் தோளுக்கு மேலே எட்டிப் படித்தார்.

“யாரோட மேட்டர் இது? புரொபசர் யாராவது குடுத்துட்டுப் போனாரா?”

“செம பாயின்ட் மாமா. வெயிட்டர் மேட்டர் நமக்குத் தோணவே இல்ல பாருங்க.”

“என்னுது சார்” என்றேன்.

“டைப் அடிச்சது நீ. எழுதினது யாரு?”

“எழுதுனதும் நான்தான் சார்.”

சார் பெஞ்சில் உட்கார்ந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“நன்னா எழுதியிருக்கே கொழந்தே. நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. அவா ஆபீஸ்ல கட்டுக்கட்டா லெட்டர் வரும். மொதல்ல கீழே பேரும் அட்ரஸும்தான் பாப்பா. கால்வாய் ஓரம், குடிசை நம்பர்னு இருந்தா மேலே படிக்கவே மாட்டா. பேசாம என் பேர்ல போட்டுடு. பேங்க் ஆபீசர்னா ஒரு வெயிட் இருக்கும்.”

“சார், உங்க லெட்டர்ல பெரியவர்தான் பெஸ்டுன்னு எழுதியிருக்கீங்களே?”

“அதை விட்டுடுவோம். கருத்துன்னா மாறப்படாதா என்ன?”

இரண்டு வாரம் பெரியவருக்காகத் தொண்டை கட்டக் கத்தியவர், நாலு நிமிஷத்தில் அவரை மாடிப்படியில் இறக்கிவிட்டுவிட்டார்.

ரெப் சும்மா இருப்பாரா? “மாமா, என் பேர்ல போடட்டும். தி.நகர் அட்ரஸ்னா இன்னும் யூத்தா இருக்கும்.”

“ஏன், மயிலாப்பூருக்கு என்னடா கொறச்சல்?”

“குறைச்சல்னு சொல்லல மாமா. வயசான ஏரியான்னு சொன்னேன்.”

சிறந்த ஒற்றன் யார் என்பது முடிந்து, என் கடிதத்துக்குச் சிறந்த சொந்தக்காரர் யார் என்று விவாதம் தொடங்கிவிட்டது. போட்டியில் இரண்டு பேர்தான். நடுவில் உட்கார்ந்திருந்தவளை இதிலும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

சார் சொன்னதில் உண்மை இருக்கலாம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அதனால்தான் கோபம் வந்தது. அவர் பெயரில் போட்டால் அந்தப் பதினோரு வாக்கியங்கள் நிச்சயம் அச்சாகும். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் முழுக்க காபியோடு படிக்கும். நான் அப்பாவிடம் பக்கத்தைக் காட்டி, மேலே இருப்பதெல்லாம் நான், கீழே இருப்பது மட்டும் வேறொருவர் என்று விளக்க வேண்டியிருக்கும். படிக்கத் தெரியாத அந்த மனிதரிடம், இங்கே விரலை வை, இது என் பெயர் என்று அப்போது சொல்ல முடியாது.

“பேரை மாத்த முடியாது சார்” என்றேன்.

“ஏன் முடியாது? இன்னொரு தடவை அடிச்சா ஆச்சு.”

“நீங்க கையில வெச்சிருக்கறது கார்பன் காப்பி சார்.”

முப்பது வருஷம் வங்கியில் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவர் அப்போதுதான் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். நீல எழுத்து, மங்கலாக இருந்தது.

அசல், என் பெயரோடும் இனிஷியலோடும் குடிசை எண்ணோடும், காலையிலேயே தபால் பெட்டிக்குப் போயிருந்தது. போட்டுவிட்டு நான் உடனே வந்துவிடவில்லை. ஒன்பதரை மணிக்குக் கட்டு எடுக்க வருபவர் பெட்டியைத் திறந்து, என் உறை அவருடைய சாக்குப்பைக்குள் விழுகிறவரை பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுத்தான் அன்று வேலைக்கு வந்திருந்தேன்.